ஓட்டை சின்னது, காயம்? கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தம் சொல்லும் கணக்கு

போன தீபாவளிக்கு மறுநாள் மலேசியாவின் பினாங்கில், பிறை என்ற ஊரில் எங்கள் சின்னம்மாவின் ஃபிளாட்டில் ஒரு தழும்புப் போட்டி நடந்தது. ஆண்கள் எல்லாம் கீழே கார் நிறுத்துமிடத்தில் கதையடித்துக்கொண்டிருந்த நேரம். முறுக்குத் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு, யாருடைய ஆபரேஷன் பெரிது என்று பெரியம்மாவும் சின்னம்மாவும் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

பெரியம்மாவுக்கு 1996-இல் கர்ப்பப்பையை எடுத்தார்கள். சேலைக் கொசுவம் சொருகும் இடத்துக்குக் கீழே முக்கால் சாண் நீளத்துக்கு ஒரு கோடு இன்னும் இருக்கிறது. சின்னம்மாவுக்குச் சென்ற ஆண்டுதான். தொப்புளில் ஒன்று, அடிவயிற்றில் மூன்று, ஆக நாலு புள்ளி. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தளவு. தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

“உனக்கென்னடி, நாலு ஓட்டை. என்னையெல்லாம் பலாப்பழம் பிளக்கிற மாதிரி பிளந்தாங்க” என்றார் பெரியம்மா.

“உள்ளேருந்து எடுத்தது ஒண்ணுதானேக்கா?” என்றார் சின்னம்மா.

அப்புறம் இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் டாக்டர் இல்லை. பினாங்குத் தீவுப் பக்கம் ஒரு லேப்பில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். ஆனால் எங்கள் குடும்பத்தில் வெள்ளை கோட்டு போட்ட எவரும் டாக்டர்தான். வாயில் முறுக்கோடு அன்று நான் சொன்ன பதில் அரைகுறை. இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தை ரத்தத்திலேயே அளந்து பார்க்கவும் முடியும். எப்படி என்று இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கர்ப்பப்பை என்பது சாதாரண நிலையில் ஒரு சின்னக் கொய்யாப்பழ அளவு, ஏழெட்டு சென்டிமீட்டர் நீளம். ஃபைப்ராய்டு என்கிற நார்க்கட்டி வந்தால் பப்பாளி அளவுக்கும் போகும். கட்டி, நிற்காத உதிரப்போக்கு, கர்ப்பப்பை இறக்கம், புற்றுநோய் என்று எடுப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. எடுக்கும் வழி மூன்று. வயிற்றைத் திறந்து எடுப்பது ஒன்று. சிறு துளைகள் போட்டு, கேமராவை உள்ளே விட்டு, திரையைப் பார்த்துக்கொண்டே எடுப்பது இன்னொன்று. லேப்ராஸ்கோப்பி என்றும் கீஹோல் என்றும் சொல்வது இதைத்தான். மூன்றாவது, வயிற்றில் கத்தியே படாமல் பிறப்புறுப்பு வழியாகவே எடுத்துவிடுவது. இதுதான் மூன்றிலும் பழையது, முடிகிற இடத்தில் நல்லதும்கூட. ஆனால் தீபாவளிப் போட்டியில் அதற்கு ஆள் இல்லை என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

ஓர் அறையில் பெரிய அலமாரி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சுவரோடு சேர்த்து ஆணி அடித்திருக்கிறார்கள். வெளியே எடுக்க வேண்டும். சுவரை இடித்து எடுக்கலாம். அல்லது சன்னல் வழியாகக் கைகளை மட்டும் உள்ளே விட்டு, ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, பின்வாசல் வழியாகத் தள்ளிவிடலாம். எந்த வழியில் போனாலும் கழற்ற வேண்டிய ஆணிகள் அத்தனையும் கழற்றித்தான் ஆக வேண்டும்.

கர்ப்பப்பை விஷயத்தில் அந்த ஆணிகள்: இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் தசைநார்கள், சூலகத்தோடு சேரும் இணைப்பு, கர்ப்பப்பைக்கு ரத்தம் கொண்டுவரும் இரண்டு தமனிகள். இவற்றை அறுத்துக் கட்டிய பிறகு, கீழே பிறப்புறுப்போடு சேரும் இடத்தில் வட்டமாக அறுத்து எடுக்கிறார்கள். அங்கே உண்டாகும் வாயைத் தைத்து மூடுகிறார்கள். பெரியம்மாவுக்கும் இதே வேலைதான், சின்னம்மாவுக்கும் இதே வேலைதான்.

“நாலு ஓட்டையில எப்படிடி கர்ப்பப்பை வெளிய வரும்?” என்று பெரியம்மா கேட்டார். பலருக்கும் உள்ள சந்தேகம் இது. பெரும்பாலும் அது துளை வழியாக வருவதே இல்லை. கீழே அறுத்த அந்த வாய் வழியாகவே இழுத்து எடுத்துவிடுகிறார்கள். அதுதான் நான் சொன்ன பின்வாசல். பெரிதாக இருந்தால் துண்டு துண்டாக்கி எடுப்பார்கள். மெஷினை வைத்து உள்ளேயே அரைத்து எடுக்கும் முறை ஒன்று இருந்தது. கட்டிக்குள் யாருக்கும் தெரியாமல் புற்றுநோய் ஒளிந்திருந்தால் அது வயிறு முழுவதும் சிதறிவிடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2014-இல் எச்சரித்தது. அதன்பிறகு அந்த மெஷினை எடுக்கவே டாக்டர்கள் யோசிக்கிறார்கள்.

சரி, இப்போது அழற்சிக்கு வருவோம்.

அழற்சி என்றதும் ஏதோ வியாதி என்று நினைக்கிறோம். காய்கறி நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டால் என்ன ஆகிறது? சற்று நேரத்தில் அந்த இடம் சிவக்கிறது, சூடாகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. இந்த நாலு அடையாளங்களையும் கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே ரோமில் செல்சஸ் என்பவர் எழுதி வைத்துவிட்டார். கிருமி வந்தால்தான் இது நடக்கும் என்றில்லை. சுத்தமான கத்தியால், சுத்தமான தியேட்டரில் வெட்டினாலும் நடக்கும். செல்கள் கிழிந்தவுடன் அவற்றின் உள்ளே இருக்க வேண்டிய சரக்கு வெளியே கொட்டுகிறது. பக்கத்தில் காவலுக்கு இருக்கும் வெள்ளணுக்கள் அதைப் பார்த்ததும் ‘இங்கே ஏதோ உடைந்துவிட்டது’ என்று புரிந்துகொள்கின்றன. ரத்தக் குழாய்கள் விரிகின்றன, நீர் கசிகிறது, துப்புரவு செய்ய மேலும் வெள்ளணுக்கள் ஓடி வருகின்றன. காயம் ஆற வேண்டுமென்றால் இது நடந்தே ஆக வேண்டும்.

விரல் காயம் என்றால் இதெல்லாம் விரலோடு முடிந்துவிடும். காயம் பெரிதாகும்போதுதான் செய்தி உடம்பு முழுவதும் போகிறது. தாமான், அதாவது நம் குடியிருப்பு, வாட்ஸ்அப் குழுவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் குழாய் ஒழுகினால் பக்கத்து வீட்டோடு பேச்சு முடிந்துவிடும். தெருவில் பெரிய பைப் உடைந்தால் குழுவில் நூறு மெசேஜ் வந்து விழும். உடம்பில் அந்த மெசேஜ் வேலையைச் செய்கிறவை சைட்டோகைன் என்னும் புரதங்கள். ஆபரேஷன் பற்றிய ஆராய்ச்சிகளில் அதிகம் அடிபடுவது இன்டர்லூகின்-6. 1986-இல் ஜப்பானின் ஒசாகாவில் கிஷிமோட்டோவும் ஹிரானோவும் அடங்கிய குழு இதன் மரபணுவைப் பிரித்தெடுத்தது. கத்தி பட்ட ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் இது ரத்தத்தில் ஏறத் தொடங்கும். முதல் நாளிலேயே உச்சத்தைத் தொட்டுவிட்டு இறங்கிவிடும்.

இந்த மெசேஜ் மூளைக்குப் போனால் காய்ச்சல். கல்லீரலுக்குப் போனால் அது தன் வழக்கமான உற்பத்தியைக் குறைத்துவிட்டு, அவசரகாலப் புரதங்களைச் செய்ய ஆரம்பிக்கிறது. அவற்றில் நமக்குப் பழக்கமானது சி-ரியாக்டிவ் புரோட்டீன், சுருக்கமாக சி.ஆர்.பி.

இதுதான் என் கைக்கு வரும் பொருள். 1930-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வுக்கூடத்தில் டில்லெட், ஃபிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் இதைக் கண்டார்கள். நிமோனியாக் கிருமியின் ‘சி’ என்ற சர்க்கரைப் பொருளோடு சேர்ந்து படிந்ததால் அந்தப் பெயர். பிறகுதான் இது நிமோனியாவுக்கு மட்டும் உரியதல்ல, உடம்பில் எங்கே சேதம் நடந்தாலும் வருகிறது என்று தெரிந்தது.

வார்டிலிருந்து மஞ்சள் மூடி போட்ட குழாயில் ரத்தம் வரும். கொஞ்ச நேரம் உறையவிட்டு, சுழலும் மெஷினில் வைத்துச் சுற்றினால் சிவப்பெல்லாம் அடியில் தங்கி, மேலே வெளிறிய எலுமிச்சைச் சாறு மாதிரி ஒரு நீர் நிற்கும். அதில் ஒரு துளியை எடுத்து, சி.ஆர்.பி.யைப் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்புரதம் பூசிய மிக நுண்ணிய லேட்டக்ஸ் மணிகளோடு மெஷின் கலக்கும். சி.ஆர்.பி. அதிகம் இருந்தால் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கலவை கலங்கும், பால் விட்ட தண்ணீர் மாதிரி. அதன் ஊடே ஒளியைச் செலுத்தி எவ்வளவு தடைபடுகிறது என்று பார்த்தால் அளவு தெரிந்துவிடும். நல்ல ஆரோக்கியமாக இருப்பவருக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கும். வயிற்றைத் திறந்து பெரிய ஆபரேஷன் செய்தவருக்கு 100-ஐத் தாண்டுவது சாதாரணம். புதிதாக வேலைக்கு வந்த பெண் ஒருத்தி முதல் தடவை அப்படி ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு, “அக்கா, இவங்களுக்கு என்ன ஆச்சு?” என்று ஓடி வந்தாள். ஒன்றும் ஆகவில்லை. நேற்று ஆபரேஷன் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான்.

சி.ஆர்.பி. மெதுவான வண்டி. ஆபரேஷன் முடிந்து ஆறேழு மணி நேரம் கழித்துத்தான் ஏறத் தொடங்கும். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் வாக்கில் உச்சம். பிறகு கல்லீரல் புதிதாகச் செய்வதை நிறுத்திவிட்டால், கிட்டத்தட்ட 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே வரும். அதனால் எந்த நாள் எடுத்த ரத்தம் என்று தெரியாமல் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது.

இப்போது போட்டியைச் சரியாக நடத்துவோம். பெரியம்மாவையும் சின்னம்மாவையும் ஒப்பிட்டால் அது நியாயமான ஒப்பீடு ஆகாது. வயது வேறு, காலம் வேறு, கட்டியின் அளவு வேறு, மயக்க மருந்து வேறு. பெரிய கட்டி உள்ளவர்களுக்கு வயிற்றைத் திறப்பதும், சின்னக் கட்டி உள்ளவர்களுக்குத் துளை போடுவதும் வழக்கம் என்பதால், சும்மா மருத்துவமனைக் கோப்புகளைப் புரட்டி ஒப்பிட்டால் துளை முறைதான் ஜெயிக்கும். ஆனால் அது முறையால் வந்த வெற்றியா, கட்டி சின்னதாக இருந்ததால் வந்ததா? அதனால்தான் நல்ல ஆய்வுகளில் ஒரே மாதிரியான பெண்களைச் சேர்த்து, யாருக்கு எந்த முறை என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது போல முடிவு செய்கிறார்கள். ஆபரேஷனுக்கு முன் ஒருமுறை, முடிந்து சில மணி நேரத்தில், அப்புறம் அடுத்தடுத்த நாள்களில் என்று ரத்தம் எடுக்கிறார்கள். முன்னே எடுப்பது ஏன் முக்கியமென்றால், உடல் பருமன் உள்ளவர்களுக்கு ஆபரேஷனே இல்லாமலும் சி.ஆர்.பி. சற்று ஏறித்தான் இருக்கும்.

இப்படிப்பட்ட ஆய்வுகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. பெரும்பாலானவை சிறியவை, சில டசின் பெண்கள்தான். ஆனாலும் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றே: இன்டர்லூகின்-6, சி.ஆர்.பி. இரண்டும் துளை முறையில் குறைவாகவே ஏறுகின்றன. பித்தப்பை, குடல் ஆபரேஷன்களிலும் இதே கதை.

உள்ளே செய்த வேலை ஒன்றுதான் என்றால் வித்தியாசம் எங்கிருந்து வந்தது? சுவரிலிருந்து. வயிற்றைத் திறக்கும்போது தோல், கொழுப்பு, தசையின் மேலுறை, உள்சவ்வு என்று ஒவ்வோர் அடுக்காகப் பிரிக்க வேண்டும். பிரித்ததை விரித்து வைக்க இரும்புக் கொக்கிகளை மாட்டி, ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுத்துப் பிடித்திருப்பார்கள். தசை நசுங்குகிறது. குடல் வழியில் வந்து விழாமல் இருக்க ஈரத்துணியால் மேலே ஒதுக்கித் திணிக்கிறார்கள். குடலும் உள்சவ்வும் காற்றுப் பட்டு உலர்கின்றன. இந்த உள்சவ்வு கண்ணாடித்தாள் மாதிரி மெல்லியது. ஆனால் அதில் காவல் வெள்ளணுக்கள் மண்டிக் கிடக்கின்றன. அதைத் தேய்த்தால் அவை சும்மா இருக்குமா?

துளை முறையில் சுவருக்குக் கிடைப்பது 5 முதல் 12 மில்லிமீட்டர் வரையிலான மூன்று நாலு ஓட்டை மட்டும். வேலை செய்ய இடம் வேண்டுமே, அதற்காக வயிற்றைக் கரியமில வாயுவால் பலூன் போல ஊதுகிறார்கள், 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில். குடல் மூடிய வயிற்றுக்குள்ளேயே ஈரமாக இருக்கிறது. தலைப்பக்கம் மேசையைச் சாய்த்தால் தானாகவே மேலே சரிந்துவிடுகிறது. துணி வைத்துத் தள்ள வேண்டியதில்லை. இதில் ஒரு சுவாரஸ்யம்: கரியமில வாயு உள்சவ்வின் மேல் கொஞ்சம் அமிலத்தன்மையை உண்டாக்குகிறது, அது அங்கிருக்கும் வெள்ளணுக்களைச் சற்று மந்தமாக்குகிறது என்று ஆய்வுக்கூடச் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். அப்படியானால் குறைந்த அழற்சிக்குச் சின்ன ஓட்டை மட்டும் காரணமில்லை, காஸுக்கும் அதில் ஒரு பங்கு இருக்கலாம்.

அந்த காஸுக்கு ஒரு தொல்லையும் உண்டு. சின்னம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்த மறுநாள் வயிற்றைவிட வலது தோள்பட்டைதான் அதிகம் வலித்தது. கட்டிலிலிருந்து விழுந்துவிட்டேனோ, இவர்கள் மறைக்கிறார்களோ என்று சந்தேகப்பட்டுவிட்டார். மிச்ச வாயு மேலே போய், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் என்ற தசையை உறுத்துகிறது. அங்கிருந்து வரும் நரம்பும் தோளிலிருந்து வரும் நரம்பும் கழுத்தில் ஒரே இடத்தில் சேர்வதால், மூளை ஏமாந்து தோள் வலிக்கிறது என்று படிக்கிறது. இரண்டு மூன்று நாளில் வாயு கரைந்து போய்விடும். எழுந்து நடந்தால் தேவலை.

எல்லாவற்றிலும் துளை முறை ஜெயிக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். கார்ட்டிசால் போன்ற மனஅழுத்த ஹார்மோன்களை அளந்தவர்கள் இரண்டு முறைக்கும் பெரிய வித்தியாசத்தைப் பல நேரம் காணவில்லை. அவை நரம்பு வழியாகத் தூண்டப்படுகின்றன. உள்ளுறுப்பை இழுப்பது, அறுப்பது, மயக்கத்திலிருந்து எழுவது எல்லாம் அவற்றை ஏற்றும். சுவரை உடைத்தாலும் சன்னல் வழியாகப் போனாலும் ஆணி கழற்றும் சத்தம் ஒன்றுதான் என்பது மாதிரி. கார்ட்டிசால் ஏறினால் ரத்தச் சர்க்கரையும் ஏறும். 2019-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். ‘சின்ன ஓட்டைதானே’ என்று ஆபரேஷன் வாரத்தில் சர்க்கரையைக் கவனிக்காமல் விடக்கூடாது.

ஒப்பீட்டைக் குழப்புகிற வேறு சங்கதிகளும் உள்ளன. வாந்தி வராமல் இருக்க மயக்க மருந்து டாக்டர்கள் டெக்சாமெத்தசோன் என்ற ஊசி போடுவது உண்டு. அது ஸ்டீராய்டு; அழற்சியையே அடக்கும். ஒரு குழுவுக்கு மட்டும் அதைப் போட்டுவிட்டு இன்னொரு குழுவோடு ஒப்பிட்டால் கணக்கு கோணிவிடும். துளை முறை பெரும்பாலும் அதிக நேரம் எடுக்கும். ரத்தத்தை நிறுத்த மின்சாரத்தால் சுடுகிறார்கள், அந்தச் சூடும் காயம்தான். பாதியில் துளை முறை சரிவராமல் வயிற்றைத் திறக்க வேண்டி வந்தால் இரண்டு வகைக் காயமும் சேர்ந்துகொள்ளும். ஆய்வுகளைப் படிக்கும்போது முதலில் இவற்றைத்தான் தேடுவேன், எண்கள் அப்புறம்.

இந்த எண்களெல்லாம் நோயாளிக்கு என்ன செய்யும்? அழற்சி குறைவு என்றால் காய்ச்சல், சோர்வு, வலி குறைவாக இருக்கும், குடல் சீக்கிரம் வேலை செய்யும், பசி சீக்கிரம் வரும். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பின் 2015 தொகுப்பு 47 ஆய்வுகளை, மொத்தம் 5,102 பெண்களை, சேர்த்துப் பார்த்தது. வயிற்றைத் திறந்தவர்களைவிடத் துளை முறைக்காரர்கள் சீக்கிரமே அன்றாட வேலைக்குத் திரும்பினார்கள் என்றது. அதே தொகுப்பு இன்னொன்றையும் சொன்னது: துளை முறையில் சிறுநீர்ப்பை, சிறுநீர்க் குழாய் காயங்கள் அதிகம். சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய், கர்ப்பப்பைத் தமனிக்கு அடியில் பாலத்தின் கீழே ஓடும் ஆறு மாதிரி ஓடுகிறது, கர்ப்பப்பை வாயிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் தூரம்கூட இருக்காது. பாலத்தைச் சுடும்போது ஆற்றையும் சுட்டுவிடக் கூடாது.

இரும்புச் சத்து பற்றியும் ஒரு வார்த்தை. இதை யாரும் சொல்வதில்லை என்பது என் குறை. கட்டியால் வருடக்கணக்கில் உதிரம் போனவர்கள் ரத்தசோகையோடுதான் ஆபரேஷனுக்கே வருகிறார்கள். முடிந்ததும் ‘இரும்பு மாத்திரை போட்டுத் தேற்றிவிடலாம்’ என்று வீட்டில் நினைக்கிறோம். ஆனால் இன்டர்லூகின்-6 கல்லீரலுக்கு அனுப்பும் உத்தரவுகளில் ஒன்று ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் செய்யச் சொல்வது. ஹெப்சிடின் ஏறினால் குடல் இரும்பை உள்ளே விடாது. சேமிப்பில் இருப்பதும் பூட்டப்படும். கிருமிக்கு இரும்பு கிடைக்கக் கூடாது என்று உடம்பு போடும் பழைய திட்டம் அது. ஆபரேஷன் முடிந்த முதல் சில நாள் விழுங்கும் மாத்திரையில் பெரும்பகுதி வீண். அதனால் ரத்தசோகையை முன்கூட்டியே, ஆபரேஷனுக்குச் சில வாரம் முன்பே சரிசெய்துகொள்வதுதான் கெட்டிக்காரத்தனம். தேதி கிடைத்த அன்றே டாக்டரிடம் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கேளுங்கள்.

இனி ஆபரேஷனுக்குப் பிறகு சின்னம்மா தூக்கிய அரிசி மூட்டையின் கதைக்கு வருகிறேன். நாலாம் நாள் வீட்டுக்குள் நடமாடினார். ஆறாம் நாள் சமையல். பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் ஒரு மாதம் எம்.சி., அதாவது மருத்துவ விடுப்பு, கொடுத்திருந்தார்கள், “இவ்வளவு நாள் எதுக்கு? எனக்கு ஒண்ணுமே இல்லையே” என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்பதாம் நாள் பத்துக் கிலோ அரிசி மூட்டையை லிஃப்டிலிருந்து வாசல்வரை தூக்கி வந்தார். அன்று இரவு ரத்தக் கசிவு. மறுநாள் கிளினிக்கில் பெண் டாக்டர் கொடுத்த திட்டை இங்கே எழுத முடியாது. நல்லவேளை, பெரிதாக ஒன்றும் இல்லை.

என்ன நடந்தது என்றால், அழற்சி குறைவாக இருந்ததால் உடம்பு ‘படு’ என்று அவரிடம் சொல்லவே இல்லை. பெரியம்மாவை அந்த வலி பத்து நாள் கட்டிலில் கட்டிப்போட்டது. சின்னம்மாவைக் கட்டிப்போட எதுவும் இல்லை. ஆனால் உள்ளே, கர்ப்பப்பை இருந்த இடத்தின் கீழ்முனையில் போட்ட தையல் இருக்கிறதே, அது இரண்டு பேருக்கும் ஒன்றுதான். அது வலுப்பட ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். சொல்லப்போனால் அந்தத் தையல் விட்டுப்போவது துளை முறையில்தான் சற்று அதிகம் என்று பார்த்திருக்கிறார்கள். சூட்டால் வெட்டிய ஓரம் மெதுவாக ஆறுவது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. தாம்பத்தியம், பாரம் தூக்குவது, மூச்சைப் பிடித்து முக்குவது, இதற்கெல்லாம் டாக்டர் சொல்லும் வாரக்கணக்கு வெளியே இருக்கும் ஓட்டைக்காகச் சொல்வதில்லை.

பெரியம்மா 1996-இல் ஏன் துளை முறையைக் கேட்கவில்லை என்று சின்னம்மாவின் மகன் கேட்டான். அமெரிக்காவில் ஹாரி ரைக் என்பவர் முதன்முதலில் இப்படிக் கர்ப்பப்பையை எடுத்ததே 1988-இல்தான். எட்டு வருடத்தில் அது எத்தனை ஊருக்கு வந்திருக்கும்? இன்றைக்கும் எல்லாருக்கும் அது பொருந்தாது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஆரம்ப நிலையில் இருந்த பெண்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்த பெரிய ஆய்வு ஒன்று 2018-இல் வந்தது. நாலரை ஆண்டில் நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தவர்கள் வயிற்றைத் திறந்த பக்கம் 96.5 விழுக்காடு; துளை முறைப் பக்கம் 86 விழுக்காடு. டாக்டர்களே அதிர்ந்து போனார்கள். அந்தப் புற்றுநோய்க்கு இப்போது திறந்து செய்வதைத்தான் முதலில் சொல்கிறார்கள். சி.ஆர்.பி. குறைவாக ஏறியது என்பதற்காக எடுக்கிற முடிவு இல்லை இது.

பத்தியம் பற்றிக் கேட்காமல் பெரியம்மா விடவில்லை. இங்கே ஆபரேஷன் என்றாலே விரால் மீன் வந்துவிடும். மலாய்க்கார அக்கம்பக்கத்தார் ஹாருவான் என்று சொல்லிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அன்றைக்குப் பெரியம்மாவுக்கும் எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா (மாச்சிக்) ஒருவர் தினமும் ஒரு கிண்ணம் சூப் கொடுத்தாராம். காயம் ஆறப் புரதம் வேண்டும், மீனில் புரதம் இருக்கிறது, தாராளமாகச் சாப்பிடலாம். முட்டையும் பருப்பும் கோழியும் அதே வேலையைச் செய்யும். பத்தியம் என்று சோற்றையும் ரசத்தையும் மட்டும் கொடுத்து, தண்ணீரையும் அளந்து கொடுக்கிறார்களே, அதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அழற்சி நேரத்தில் உடம்பு தன் தசையையே கரைத்துப் புரதம் எடுத்துக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் சாப்பாட்டைக் குறைப்பது எந்த ஊர் நியாயம்?

கடைசியாகச் சின்னம்மா ஒன்று கேட்டார். “எனக்கு ஏன் அந்த சி.ஆர்.பி. எடுக்கவே இல்ல?” எல்லாருக்கும் எடுக்கத் தேவையில்லை. முதல் இரண்டு நாளில் 38 டிகிரியை ஒட்டி லேசாகக் காய்ச்சல் வந்தாலும், பெரும்பாலும் அது கிருமியால் வருவதில்லை, மேலே சொன்ன மெசேஜ்களால் வருவது. எண் எவ்வளவு பெரிது என்பதைவிட எந்தப் பக்கம் போகிறது என்பதைத்தான் டாக்டர்கள் பார்க்கிறார்கள். மூன்றாம் நாளுக்குப் பிறகு சி.ஆர்.பி. இறங்கிக்கொண்டிருக்க வேண்டும். இறங்காமல் நின்றாலோ, இறங்கிவிட்டு மறுபடி ஏறினாலோ, எங்கேயோ சீழ், கசிவு, தொற்று என்று தேட ஆரம்பிப்பார்கள். துளை முறையில் சிறுநீர்க் குழாயோ குடலோ சூடுபட்டிருந்தால் அது சில நாள் கழித்துத்தான் வெளிப்படும், அதற்குள் நீங்கள் வீட்டுக்கு வந்திருப்பீர்கள். அங்கே மெஷின் இல்லை. ஆகவே, நாளுக்கு நாள் குறைய வேண்டிய வலி கூடினால், வயிறு உப்பினால், வாந்தி வந்தால், குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், ஒரு பக்க விலா வலித்தால், கீழே நீர் மாதிரி ஒழுகினால், நாளைக்குப் பார்க்கலாம் என்று உட்காராமல் ஆபரேஷன் செய்த இடத்துக்கே திரும்பிப் போங்கள்.

“எனக்கு எடுத்தாங்களா?” என்றார் பெரியம்மா. ஏழாம் நாள் காயத்தின் ஓரம் சிவந்து, மிஸ்ஸி (நர்ஸ்) வந்து இரண்டு தையலைப் பிரித்துச் சீழை எடுத்ததாக அவரே ஏற்கெனவே சொல்லியிருக்கிறார். எடுத்திருப்பார்கள் என்றேன். அவர் சின்னம்மாவைப் பார்த்து, “பார்த்தியா, என் ரத்தத்தையும் சோதிச்சிருக்காங்க” என்று ஜெயித்த குரலில் சொல்லிவிட்டுக் கடைசி முறுக்கை எடுத்துக்கொண்டார்.